சேற்றிலா, விண்ணிலா? உயிரின் தோற்றம் பற்றிய ஒரு வழக்கின் வரலாறு

ஆவணியிலும் புரட்டாதியிலும் வன்னிக் குளங்கள் வற்றுகின்றன. யாழ்ப்பாணம் – கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிழக்கே பிரிந்து செல்லும் மாங்குளத்தைச் சூழ்ந்த சிறு குளங்களும் இதற்கு விலக்கல்ல. நீர் வற்றிய குளத்தின் அடிச்சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மாரி தொடங்கிச் சில நாட்கள் கழிந்ததும் அதே குளத்தில் தவளை கத்தும், விரால் துள்ளும், நீரெங்கும் பெயரறியாச் சிற்றுயிர்கள் நெளியும். மண்ணிலிருந்தே மீன் பிறந்தது என்று பண்டைய உழவன் எண்ணியிருப்பின் அவனைப் பேதை எனல் தகாது. கண்டதிலிருந்து காரணத்தை அவன் ஊகித்தான். அவ்வூகத்தைச் சோதிக்கும் முறைதான் அவனிடம் இருக்கவில்லை.

கிரேக்க அறிஞராகிய அரிஸ்டோட்டிலும் விலாங்கு மீன் சேற்றிலிருந்து பிறப்பதாகவே எழுதினார். நம் சைவ நூல்கள் உயிர்களின் பிறப்பை முட்டை, கருப்பை, வித்து, வியர்வை என நால்வகைப்படுத்தின. பேனும் புழுவும் வியர்வையிற் பிறப்பன எனக் கொள்ளப்பட்டன. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வரிசைப்படுத்திற்று. இவ்வரிசையைக் காட்டி, கூர்ப்புக் கொள்கையைத் தமிழன் அன்றே கண்டான் என முழங்குவோர் நம்மிடையே உளர். வகைப்படுத்துதல் வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிய வரலாற்றை நிறுவுதல் வேறு. முன்னோரைப் போற்றுவதற்காக அவர்கள் கூறாததை அவர்கள் வாயில் இடவேண்டியதில்லை.

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் பிறக்குமா என்னும் இவ்வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. அதன் பிற்பகுதியில் நம் தீவினர் இருவர் எதிரெதிர்த் தரப்புகளில் நின்று வாதாடினர் என்பதும், அவ்விருவரும் அடுத்தடுத்து ஒரே நிறுவகத்தின் தலைமையில் அமர்ந்தனர் என்பதும் நம் ஆசிரியர்கள் பலர் அறியாத செய்தி. அவ்வரலாற்றைச் சொல்வதோடு, அதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நம்பிக்கையின் வீழ்ச்சி

1668ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி மிக எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். இறைச்சியைச் சில பாத்திரங்களில் இட்டு, ஒரு சிலவற்றைத் திறந்தும், ஏனையவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். திறந்திருந்த இறைச்சியில் புழு நெளிந்தது, மூடியதில் இல்லை. ஈ இட்ட முட்டையிலிருந்தே புழு வந்தது, அழுகலிலிருந்து அன்று என்பது புலனாயிற்று. ஆனால் நுணுக்குக்காட்டி வழியே நுண்ணுயிர்கள் கண்ணுக்குப் பட்டபோது பழைய நம்பிக்கை மறுபடி தலைதூக்கிற்று. ஈயும் புழுவும் தாமாகப் பிறவாவிடினும் இந்நுண்ணுயிர்களேனும் தாமாகப் பிறக்கலாமன்றோ என்றனர். இத்தகராற்றுக்கு முடிவு கட்டியவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர். வளைந்த கழுத்துடைய குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்து, காற்று உட்புகினும் தூசி புகாதவாறு செய்து, அச்சாறு கெடாமல் நிற்பதை அவர் காட்டினார். 1862இல் பிரான்சிய விஞ்ஞானக் கழகம் அதற்கெனப் பரிசளித்தது.

இங்கே ஒரு முரண் உண்டு. முற்போக்காளர் அதனை மனங்கொள்ளல் வேண்டும். அக்காலப் பிரான்சில், உயிர் தானாகப் பிறக்கும் என்ற கொள்கை பொருள்முதல்வாதிகளுக்கும் நாத்திகர்களுக்கும் உவப்பானதாய் இருந்தது. அதை மறுத்த பாஸ்டரோ மதப்பற்றும் அரசாங்க ஆதரவும் உடையவர். 1864ஆம் ஆண்டு சோர்போனில் நிகழ்த்திய விரிவுரையில், இவ்வினா கடவுட் கொள்கையைத் தொடுவது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் பரிசோதனை பாஸ்டரின் பக்கமே நின்றது. ஒருவரது அரசியல் பிற்போக்கானது என்பதனால் அவரது குடுவை பொய் சொல்லிவிடாது.

பாஸ்டர் நிறுவியது யாது என்பதையும் அளந்து கொள்ளல் வேண்டும். இன்றைய நிலைமைகளில், கொதிக்கவைத்த சாற்றில், சில மாதங்களில் உயிர் பிறவாது என்பதே அவர் நிறுவியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், முற்றிலும் வேறான பூமியில், உயிர் ஒருமுறையும் பிறந்திராது என்பதை அக்குடுவை கூறவில்லை. ஏங்கல்ஸ் தமது இயற்கை பற்றிய குறிப்புகளில் இதனைச் சுட்டிக்காட்டினார். 1871இல் டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில், வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றில் அமோனியா, பொசுபேற்று உப்புகள், ஒளி, வெப்பம், மின்சாரம் ஆகியன கூடிப் புரதச் சேர்வை ஒன்று உருவாகியிருக்கலாமோ எனத் தயக்கத்துடன் ஊகித்தார். அத்தகைய சேர்வை இன்று உருவாகுமாயின், இருக்கும் உயிர்களே அதனை உடனே உண்டுவிடும் என்பதையும் அவர் கண்டிருந்தார். வினா சேற்றிலிருந்து விலகி, பூமியின் வரலாற்றுக்குள் புகுந்துவிட்டது.

மூவர் வகுத்த வழி

அதனை முறையான கொள்கையாக வகுத்தவர் ருசிய உயிரிரசாயனவியலாளர் அலெக்சாந்தர் ஓபாரின். 1924ஆம் ஆண்டு 'மொஸ்கோத் தொழிலாளி' பதிப்பகம் அவரது சிறு நூலை வெளியிட்டது. 1929இல் இங்கிலாந்தில் ஜே. பி. எஸ். ஹோல்டேன் அதனை அறியாமலே ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்து, பகுத்தறிவாளர் ஆண்டுமலரொன்றில் கட்டுரை எழுதினார். ஆதிப்பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் இருக்கவில்லை. இன்று நம்மைக் காக்கும் ஓசோன் படையும் இருக்கவில்லை. எனவே ஊதா கடந்த கதிர்கள் தடையின்றி விழுந்து எளிய வாயுக்களிலிருந்து காபன் சேர்வைகளை உண்டாக்கின. உண்பதற்கு உயிர் எதுவும் இல்லாமையால் அவை கடலில் திரண்டு செறிந்தன என்பது இக்கொள்கையின் சாரம். உயிர் இருப்பதனாலேயே இன்று உயிர் புதிதாகப் பிறக்க இயலாது என்னும் இயங்கியல் நுட்பம் இதில் அடங்கியுள்ளது. மூன்றாமவர் ஜே. டி. பேர்னால். கடலில் கரைந்து பரந்த சேர்வைகள் எவ்வாறு செறிவடைந்தன என்ற வினாவை எழுப்பி, களிமண் துணிக்கைகளின் மேற்பரப்பில் அவை ஒட்டிச் சேர்ந்திருக்கலாம் என 1947இல் ஆற்றிய விரிவுரையில் அவர் கூறினார். சேறு மறுபடியும் வழக்கினுள் வந்தது. ஆனால் இம்முறை இரசாயனத்தின் கையைப் பிடித்து வந்தது.

இம்மூவரும் இடதுசாரிகள் என்பது தற்செயலன்று. உயிருக்கும் சடத்துக்கும் இடையே கடக்கவியலாத மதில் இல்லை என்னும் நோக்கு, இவ்வினாவைக் கேட்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது. ஆயினும் துணிவு விடையாகாது. விடைக்குப் பரிசோதனை தேவைப்பட்டது.

அது 1953ஆம் ஆண்டு சிக்காகோவில் நிகழ்ந்தது. ஹரல்ட் யூரேயின் மாணவராகிய இசுட்டான்லி மில்லர் கண்ணாடிக் குடுவைகளில் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைச் சுழலவிட்டு, மின்னலுக்கு ஈடாக மின்பொறியைச் செலுத்தினார். ஒரு வாரத்தில் நீர் செந்நிறமடைந்தது. அதிலே கிளைசீன், அலனீன் முதலிய அமினோவமிலங்கள் இருந்தன. புரதத்தின் செங்கற்கள் உயிரின் உதவியின்றியே உருவாகும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. மில்லர் 2007இல் மறைந்த பின், அவர் மூடிவைத்திருந்த பழைய குப்பிகளைப் புதிய கருவிகளால் ஆராய்ந்து, அவர் கண்டதினும் மிகுதியான அமினோவமிலங்கள் அவற்றில் இருந்ததை 2008இல் அறிவித்தனர்.

1957இல் உயிரின் தோற்றம் பற்றிய முதலாவது சர்வதேசக் கருத்தரங்கு மொஸ்கோவில் கூடியது. அதே ஆண்டு ஹோல்டேன் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1963இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த கருத்தரங்கில் ஓபாரினும் ஹோல்டேனும் முதன்முதலாக நேரிற் சந்தித்தனர். கொள்கையை முதலிற் கண்டவர் ஓபாரினே என்பதை ஹோல்டேன் அங்கு மனமுவந்து ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு புவனேசுவரத்தில் அவர் காலமானார்.

காலியிலிருந்து சென்ற மாணவர்

இவ்வழக்கில் நம் நாட்டவர் நுழைவது இக்கட்டத்திலேயாகும். சிரில் பொன்னம்பெரும 1923இல் காலியிற் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று 1948இல் பட்டம் பெற்றார். மெய்யியலிலிருந்து இரசாயனத்துக்குத் திரும்பியவர் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் பேர்னாலிடம் பயின்றார். தொழில் செய்வோருக்கு மாலை வேளையில் உயர்கல்வி வழங்குவதற்கெனத் தோன்றிய கல்லூரி அது. பின்னர் கலிபோர்ணியாவில் மெல்வின் கல்வினின் கீழ் ஆய்ந்து 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வுகூடத்தில் இரசாயனக் கூர்ப்பு ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

பொதுவுடைமை நாட்டு அறிஞர் ஒருவரும் பிரித்தானிய இடதுசாரிகள் இருவரும் வகுத்த கொள்கை, முதலாளித்துவ வல்லரசின் விண்வெளிப் பணத்தால் வளர்ந்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பம். சந்திரனுக்குச் செல்லும் போட்டியில் அமெரிக்கா கொட்டிய பணத்தின் ஒரு துளி, உயிரின் பிறப்பைத் தேடும் ஆய்வுகூடங்களுக்கும் சிந்தியது. விஞ்ஞானம் எவர் பணத்தில் நடக்கின்றது என்று கேட்பது நம் கடன். அதனாலேயே அதன் பெறுபேறுகளைப் புறந்தள்ளுவது பேதைமை.

1963இல் பொன்னம்பெரும, கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோர் ஆதிப்பூமியில் இருந்திருக்கக்கூடிய நிலைமைகளில் ஏ.டி.பி. எனப்படும் சேர்வையை ஊதா கடந்த ஒளியால் உருவாக்கியதாக அறிவித்தனர். எல்லா உயிர்க்கலங்களிலும் சக்தியைக் கைமாற்றும் நாணயம் அச்சேர்வையே. அவர்கள் பயன்படுத்திய பொசுபேற்றுச் சேர்வை ஆதிப்பூமியில் இருந்திருக்குமா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அதனினும் உறுதியான வெற்றி விண்ணிலிருந்து விழுந்தது. 1969 செப்டெம்பர் 28ஆம் நாள் அவுசுதிரேலியாவின் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் ஆகாயக்கல் ஒன்று வீழ்ந்தது. அதனை ஆய்ந்த குழுவில் பொன்னம்பெருமவும் இருந்தார். 1970இல் அதில் அமினோவமிலங்கள் உள்ளன என அவர்கள் வெளியிட்டனர். மனிதக் கைபட்ட கறையன்று அது என்பதை எங்ஙனம் அறிந்தனர்? அமினோவமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போன்ற இருவடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தையே கையாள்கின்றன. அக்கல்லிலோ இருவடிவங்களும் ஏறத்தாழச் சமமாய்க் கிடந்தன. உயிரின் வேலையாயின் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சமமாய்க் கிடந்தமை வெறும் இரசாயனத்தின் முத்திரை. ஓர் ஐயத்தை முன்கூட்டியே எழுப்பி அதற்கு விடையும் தேடிவைக்கும் இம்முறையை மாணவர்க்கு எத்துணை முறை எடுத்துரைத்தாலும் தகும்.

அலகாபாத்தின் ஜீவாணு

அதே காலத்தில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பகதூர் என்னும் இரசாயனவியலாளர் தம் வழியில் சென்றுகொண்டிருந்தார். 1954இல் பரபோமல்டிகைட்டையும் பொற்றாசியம் நைத்திரேற்றையும் ஒளியில் வைத்து அமினோவமிலங்களைப் பெற்றதாக அவர் அறிவித்தார். 1960களில், எஸ். ரங்கநாயகியுடன் சேர்ந்து மேலும் துணிந்த கூற்றொன்றை வெளியிட்டார். மொலிப்தேற்று, பொசுபேற்று, கனியுப்புகள், போமல்டிகைட்டு ஆகியவற்றின் கரைசலைச் சூரிய ஒளியில் வைத்தபோது நுண்ணிய கோளங்கள் தோன்றின என்றும், அவை வளர்ந்தன, அரும்பிப் பெருகின, அனுசேபத்துக்கு நிகரான தொழிற்பாட்டையும் காட்டின என்றும் கூறி, அவற்றுக்கு 'ஜீவாணு' எனப் பெயரிட்டார். இவ்வாய்வின் முற்பகுதி இந்தி மொழி ஆய்வேடொன்றிலேயே வெளிவந்தது என்பது தாய்மொழிக் கல்வியில் அக்கறையுள்ளோர் கவனிக்கத்தக்கது.

அக்கூற்றை மதிப்பிடும் பொறுப்பு நாசாவில் எவரிடம் வந்தது? லிண்டா கேரனிடமும் பொன்னம்பெருமவிடமும். 1967இல் வெளியான அவர்களது மதிப்பாய்வு, ஜீவாணுவின் இயல்பு இன்னும் தெளிவாக்கப்படவில்லை என்னும் முடிவையே கூறிற்று. உயிருள்ளன என்பதற்குப் போதிய சான்று அங்கில்லை. ஜீவாணு மெல்ல மறக்கப்பட்டது. ஆதிக்கலங்களைச் செயற்கையாக ஆக்க முயல்வோர் சிலர் அண்மைக் காலத்தில் அப்பழைய கட்டுரைகளை மீண்டும் புரட்டியுள்ளனர், அத்துணையே.

இந்நிகழ்ச்சியை இருவிதமாகப் படிக்கலாம். ஏழை நாட்டு அறிஞரின் குரலை வல்லரசின் ஆய்வுகூடம் அமுக்கிவிட்டது என்பது ஒரு வாசிப்பு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கருவியும் பணமும் நிறைந்த இடத்திலிருந்து எழும் தவறான கூற்றுக்குக்கூட உலகம் நெடுங்காலம் செவிசாய்க்கின்றது. ஆனால் தமது வளர்கின்ற கோளம் உயிருள்ளது என்று கூறுபவர், உயிரற்ற உப்புப் படிகமும் வளர்கின்றது, எண்ணெய்த் துளியும் பிளவுறுகின்றது என்னும் தடையைத் தீர்த்தாக வேண்டும். அத்தடை வல்லரசின் சூழ்ச்சியன்று, நியாயமான வினா.

விண்ணை நோக்கியோர்

வழக்கின் எதிர்த்தரப்பில் நின்ற நம் நாட்டவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939இல் கொழும்பிற் பிறந்து, கேம்பிரிட்சில் வானியலாளர் பிரெட் ஹோயிலிடம் பயின்றவர். உடுக்களுக்கிடையே மிதக்கும் தூசியில் காபன் சேர்வைகள் உள்ளன என்பதை அவர்கள் முன்கூட்டியே வலியுறுத்தியமை பாராட்டத்தக்கது. ஆயின் அத்தோடு அவர்கள் நின்றார்களில்லை. அத்தூசியில் உயிர்க்கலங்களே உள்ளன. பூமிக்கு உயிர் விண்ணிலிருந்தே வந்தது. இன்றும் வால்வெள்ளிகள் வழியே நோய்க்கிருமிகள் வந்து விழுகின்றன என்று 1970களின் பிற்பகுதி தொடக்கம் நூல்கள் எழுதினர்.

இக்கொள்கைக்கு எதிரான முதல் தடை எளியது. உயிர் விண்ணிலிருந்து வந்தது எனில், விண்ணில் அது எங்ஙனம் பிறந்தது? வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. அதன் விலாசம் மட்டுமே மாறியது. எனினும் ஒன்றை நேர்மையுடன் கூறவேண்டும். விண்ணிலிருந்து மூலப்பொருள்கள் வந்தன என்பதை மேர்ச்சிசன் கல்லே காட்டியது. செங்கல் விண்ணிலிருந்தும் வந்திருக்கலாம். கட்டிமுடித்த வீடே விண்ணிலிருந்து இறங்கியது என்பதற்கே சான்றில்லை.

1981 டிசெம்பரில் அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. பாடசாலைகளில் கூர்ப்புக் கொள்கைக்கு நிகராகப் படைப்புக் கொள்கையையும் கற்பிக்கவேண்டுமென அம்மாநிலம் சட்டமியற்றியிருந்தது. அச்சட்டத்தைக் காக்கும் தரப்பின் சாட்சியாக விக்கிரமசிங்க கூண்டேறினார். அவரது கொள்கைக்கும் விவிலியப் படைப்புக்கும் ஒட்டுறவில்லை. ஓபாரின் வழியை மறுப்பவர் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. பூமி சில ஆயிரம் ஆண்டு வயதினது என்னும் கூற்றைக் குறுக்கு விசாரணையில் அவரே நிராகரித்தார். 1982 சனவரியில் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்த நீதிபதி ஓவர்ட்டன், இவரை அத்தரப்பினர் ஏன் அழைத்தனர் என்பது தமக்கு விளங்கவில்லை என்றே எழுதினார்.

அக்காலத்தில்தான் இலங்கையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் தொடங்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் விக்கிரமசிங்க. 1984இல் அப்பொறுப்புக்கு வந்தவர் பொன்னம்பெரும. உயிர் விண்ணிலிருந்து வந்தது என்றவரும், இரசாயனத்தால் படிப்படியாக உருவாயிற்று என்றவரும் ஒரே கதிரையில் அடுத்தடுத்து அமர்ந்தனர். இருவரையும் நம் பத்திரிகைகள் தாய்நாட்டின் பெருமை என வாழ்த்தின. இருவருக்கும் இடையிலான வழக்கை எடுத்து விளக்கிய பத்திரிகைகளோ அரிது. பெருமை கொள்வது எளிது, தீர்ப்பளிப்பதற்குப் படிக்கவேண்டும்.

இதன் பயன் 2012இன் இறுதியில் தெரிந்தது. டிசெம்பர் 29ஆம் நாள் பொலன்னறுவை மாவட்டத்து அரலகங்வில வயற்பகுதியில் வானிலிருந்து தீப்பிழம்பு இறங்கியதாகவும், கற்கள் கிடைத்ததாகவும் செய்தி பரவியது. அக்கற்களில் தயற்றம் எனப்படும் ஒருகல அல்காக்களின் சுவடுகள் உள்ளன, எனவே விண்ணில் உயிருண்டு என விக்கிரமசிங்கவின் குழு 2013 சனவரியில் அறிவித்தது. அறிஞர்கள் எழுப்பிய வினாக்கள் இரண்டே. முதலாவது, அவை ஆகாயக்கற்கள்தாம் என்பது நிறுவப்பட்டதா? இரண்டாவது, கண்ட தயற்றங்கள் பூமியின் நன்னீரில் வாழும் இனங்களையே ஒத்திருப்பது ஏன்? குளத்து நீர் பாயும் வயலில் எடுத்த கல்லில் குளத்து அல்கா இருப்பதற்கு விண்வெளியை அழைக்கவேண்டியதில்லை. மேர்ச்சிசன் குழுவினர் தம்மைத் தாமே கேட்ட வினாவை இங்கே பிறர் கேட்கவேண்டியதாயிற்று.

நம் பக்கத்துத் தவறு

பிறர் தவறைக் காட்டுவதோடு நிறுத்துவது நேர்மையன்று. 1950ஆம் ஆண்டு சோவியத் நாட்டில் ஒல்கா லெப்பெஷின்ஸ்காயா என்பவர், கலமல்லாத உயிர்ப்பொருளிலிருந்து கலங்கள் புதிதாகத் தோன்றுவதைக் கண்டதாகக் கூறினார். பாஸ்டரின் குடுவை தகர்த்த கொள்கையின் மறுவடிவமே அது. ஆயினும் அது பொருள்முதல்வாதத்தின் வெற்றி எனப் போற்றப்பட்டது. இசுட்டாலின் பரிசும் அளிக்கப்பட்டது. போற்றியோருள் ஓபாரினும் ஒருவர். உயிர் புதிதாகப் பிறத்தல் இன்று இயலாது என்பதைத் தெளிவாக நிறுவிய அவரே, அதிகாரத்தின் முன் அதற்கு மாறான கூற்றை ஆதரித்தார். பாரம்பரியவியலை மறுத்த லைசெங்கோவுக்காகப் பேர்னாலும் வாதாடினார். அப்பாரம்பரியவியலின் பெருமகனாகிய நிக்கலாய் வாவிலோவ் 1943இல் சிறையில் மாண்டிருந்தார். ஹோல்டேன் தயங்கினார், ஈற்றில் லைசெங்கோ விவகாரத்தோடு கட்சியிலிருந்து விலகினார்.

ஒரு கொள்கை நமக்கு உவப்பான உலகநோக்குடன் பொருந்துகின்றது என்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. ஆர்க்கன்சோவில் படைப்புவாதிகள் செய்த தவறும் மொஸ்கோவில் நம் தோழர்கள் செய்த தவறும் ஒரே தவறு: முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடியமை.

இன்றைய நிலை

மில்லரின் பரிசோதனையோடு வழக்கு முடிந்துவிட்டது எனப் பாடநூல்கள் சில கருதவைக்கின்றன. அது சரியன்று. ஆதிப்பூமியின் வளிமண்டலத்தில் மெதேனும் அமோனியாவும் அவர் கொண்ட அளவுக்கு இருக்கவில்லை, காபனீரொட்சைட்டும் நைதரசனுமே மிகுந்திருந்தன எனப் பலர் பின்னர் கருதினர். அமினோவமிலம் கிடைத்தாலும் அது தன்னைப் படியெடுக்காது என்னும் பெரிய தடையும் இருந்தது. ஆர்.என்.ஏ. என்னும் நியூக்கிளிக்கமிலம் செய்தியைத் தாங்குவதோடு தாக்கங்களை ஊக்குவிக்கவும் வல்லது என 1980களின் தொடக்கத்தில் தோமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டனர்; 1989இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. புரதத்துக்கு முன் ஆர்.என்.ஏ. ஆண்ட காலமொன்று இருந்தது என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

பிறந்த இடம் பற்றியும் கருத்து ஒன்றுபடவில்லை. 1977இல் ஆழ்கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டபின், உயிரின் தொட்டில் அதுவே என ஒரு சாரார் வாதிடுகின்றனர். மறுசாரார் தரையிலுள்ள எரிமலைச் சூட்டுக் குட்டைகளைச் சுட்டுகின்றனர். அவர்களது நியாயம் வன்னியார்க்கு எளிதில் விளங்கும். சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய் இணையும்போது ஒவ்வோர் இணைப்பிலும் நீர் வெளியேற வேண்டும். கடல் நீருக்குள் அது கடினம். குட்டை வற்றும்போது பொருள்கள் செறிகின்றன, இணைகின்றன. மீண்டும் நீர் நிறையும்போது கலக்கின்றன. வற்றுதலும் நிறைதலும் மாறி மாறி நிகழ்ந்தமையே சங்கிலிகளை வளர்த்தது என்பது அவர்கள் கூற்று. 2023இல் பெனு என்னும் சிறுகோளிலிருந்து பூமிக்குக் கொண்டுவரப்பட்ட மண்ணில், புரதங்களில் உள்ள 20 அமினோவமிலங்களுள் 14 இருந்ததையும், உப்புநீர் வற்றியதனால் படிந்த உப்புகள் இருந்ததையும் 2025 சனவரியில் அறிவித்தனர். ஆயினும் செங்கற் குவியலிலிருந்து, தன்னைத் தானே படியெடுக்கும் முதற்கலம் எழுந்த வழியை எவரும் இன்னும் முழுமையாக ஆய்வுகூடத்தில் காட்டவில்லை.

வகுப்பறையின் கடன்

இந்நிலையில் ஆசிரியர் மாணவனுக்கு என் சொல்வது? உயிர் எவ்வாறு பிறந்தது என்று மாங்குளத்து மாணவி ஒருத்தி கேட்கும்போது, இறைவன் படைத்தான் என்று கூறி வினாவை மூடிவிடலாம். மின்னல் அடித்தது, உயிர் பிறந்தது என்று கூறியும் மூடிவிடலாம். இரண்டாவது விடை முற்போக்கின் ஆடை அணிந்திருப்பினும், மூடுவதில் முதலதற்குக் குறைந்ததன்று. இவ்வளவு அறிவோம், இன்ன பரிசோதனையால் அறிவோம், இதற்கப்பால் இன்னும் அறியோம் என்பதே நேர்மையான விடை. அறியோம் என்று சொல்வதனால் மூடநம்பிக்கைக்குக் கதவு திறந்துவிடும் என அஞ்சுவோர் உளர். கதவைத் திறப்பது அறியாமையன்று. அறியாததை அறிந்ததாகக் கூறி ஒருநாள் பிடிபடுவதே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்துப் பின்னர் பகுத்தறிவு இயக்கத்தை நடத்திய ஏபிரகாம் கோவூர் மந்திரவாதிகளிடம் கேட்டதும் சோதனையைத்தான். அதே சோதனையை நமது கொள்கைகளும் ஏற்றாக வேண்டும்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்னும் சாக்கும் நமக்கு இல்லை. மருத்துவர் கிறீனும் அவர்தம் மாணவரும் மானிப்பாயில் தொடங்கிய பணியின் பயனாக 1875இலேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. குறைந்தது மொழியன்று, ஆய்வுகூடமும் அமைதியுமே. 1990, 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளில் மாங்குளம் படைகளிடையே கைமாறியது. ஈற்றில் ஊரே இடம்பெயர்ந்தது. சோதனைக் குழாய் உடையாமல் நிற்பதற்கு முதலில் அதன்மேல் கூரை நிற்கவேண்டும். காலியிற் பிறந்தவருக்கும் கொழும்பிற் பிறந்தவருக்கும் திறந்த கதவு, வன்னியிற் பிறந்த பிள்ளைக்கு ஏன் திறக்கவில்லை என்பதும் விஞ்ஞான வரலாற்றின் வினாவே. ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் உரிமையாகக் கேட்டுப் போராடவேண்டும். ஆனால் அவை வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை.

புரட்டாதியில் வற்றிய குளத்தின் காய்ந்த சேற்றில் இரண்டு பிடி எடுப்போம். ஒரு பிடியைச் சட்டியிலிட்டு நெடுநேரம் நன்றாக வறுப்போம். மற்றதை அப்படியே வைப்போம். இரண்டையும் கழுவிய இரு போத்தல்களில் இட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி, வாயைத் துணியாற் கட்டி வெளிச்சத்தில் வைப்போம். வறுக்காத சேற்றில் சில நாட்களில் சிற்றுயிர் நெளியலாம், பச்சை படரலாம். வறுத்ததில் அவை தோன்றுகின்றனவா என்று மாணவர் நாள்தோறும் பார்த்துக் குறிக்கட்டும். வேறுபாடு தெரியுமாயின், மண் உயிரைப் பிறப்பிக்கவில்லை, உறங்கிய முட்டையையும் வித்தையும் காத்து வைத்திருந்தது என்பதை ரெடியும் பாஸ்டரும் இல்லாமலே அவர்கள் காண்பர். வறுத்ததிலும் உயிர் தோன்றினால் இன்னும் நல்லது. அது எவ்வழியே புகுந்தது என்று தேடட்டும்.

அப்பொழுது அவர்களுள் ஒருவர், அந்த முதல் முட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அவ்வினாவுக்குரிய முழு விடை எவரிடமும் இல்லை. அது தமக்கும் உரிய வினா என அந்தப் பிள்ளை உணருமாயின், நம் கடமையில் ஒரு பகுதி நிறைவேறிற்று எனக் கொள்ளலாம்.